மற… வாதே

இசை படிக்கும் பிள்ளைகளுக்குப் பாட்டெழுதச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பை ஏற்றுக்கொண்டபோது என் மனதில் ஒரு கணக்கு இருந்தது. சுருதியும் தாளமும் இவர்களுக்கு ஏற்கெனவே கைவந்தவை. சொல் மட்டும்தான் பாக்கி. கொஞ்சம் யாப்பு, கொஞ்சம் எதுகை மோனை, நிறைய வாசிப்பு, இவ்வளவையும் கொடுத்துவிட்டால் மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அந்தக் கணக்கு தப்பு என்று தெரிந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. தப்பு எந்த இடத்தில் என்பதுதான் ரொம்ப நாள் பிடிபடாமல் இருந்தது. ஒரே ஒரு வகுப்பில், ஒரே ஒரு சொல்லில் அது வெளியே வந்தது. அன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதிவைக்க வேண்டும் என்று பல முறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

அப்போதெல்லாம் வகுப்பின் வழக்கம் இதுதான்: ஆளுக்கொரு பல்லவி எழுதி, வகுப்புக்கு முந்தின நாளே தாளில் கொடுத்துவிடுவார்கள். நான் படித்து, ஓரத்தில் குறிப்பு எழுதித் திருப்பித் தருவேன். மறுநாள் பாடுவார்கள். வாய்ப்பாட்டு மாணவி ஒருத்தி கொடுத்த தாளில் ‘மறவாதே மழையே, திறவாத கதவோரம் வரவேணும் ஒருநாள்’ என்று இருந்தது. மூடியே கிடக்கும் கதவுக்கு வெளியே மழையைக் கூப்பிடும் பாட்டு. ‘மற’வுக்கு ‘திற’ எதுகை, ‘மறவாதே மழையே’ என்று மோனை. எதுவும் வலிந்து செய்ததாக இல்லை. ஓரத்தில் ஒரு ‘நன்று’ போட்டு, ‘திறவாத’ என்ற சொல்லுக்குக் கீழே கோடும் இழுத்தேன். அந்தச் சொல்லை அவ்வளவு பிடித்திருந்தது.

மறுநாள் பாடினாள். ஆதி தாளம். மெட்டு இரண்டு குட்டி ஸ்வரங்களில் எடுத்து, அங்கேயே மூன்று அட்சரம், அதாவது மூன்று தாள எண்ணிக்கை, கார்வையாக, ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடித்து நின்று, அதற்குப் பிறகு இறங்கி வந்தது. சொல்லை விட்டு ஓசையை மட்டும் தத்தகாரத்தில் சொன்னால் ‘தன…’, இடைவெளி, ‘தானா தனனா’. அந்தக் கார்வையில் அவள் குரல் அசையாமல் நின்று, கடைசியில் லேசாக ஓர் அசைவு கொடுத்து, மூச்செடுத்து இறங்கியது. வகுப்பே தலையாட்டியது. நானும்தான். பாடி முடித்ததும் மூலையில் இருந்த மிருதங்க மாணவன், அதுவரை ஒரு வரிகூட எழுதித் தந்திராதவன், மெதுவாகக் கேட்டான்: “மழைய ஏன் சார் மறக்கச் சொல்றாங்க?”

அவளுக்குப் புரியவில்லை. “மறவாதேன்னுதானே எழுதியிருக்கேன்?”

“எழுதினது எனக்குத் தெரியாதுங்க. ‘மற’ன்னு பாடி நிறுத்துனீங்க. சரி, மறக்கச் சொல்றாங்கன்னு நினைச்சேன். அப்புறம் ‘வாதே’ன்னு என்னமோ வந்துச்சு.”

திரும்பப் பாடச் சொன்னேன். அவன் சொன்னதுதான். ‘மற’ என்பது தனியாக நின்றால் ஒரு முழு ஏவல். மூன்று அட்சரம் அந்த ஏவல் காற்றில் நிற்கிறது. கேட்கிறவன் அதை வாங்கி, பொருள் கொண்டு, மனதில் வைத்தும் முடித்த பிறகு ‘வாதே’ வந்து சேர்கிறது. அதற்கு ஒட்டிக்கொள்ள இடமில்லை. அவள் எழுதியதற்கு நேர் எதிரான பாட்டை நாங்கள் அத்தனை பேரும் தலையாட்டிக் கேட்டிருக்கிறோம். அவன் ஒருவனுக்குத்தான் அது காதில் விழுந்தது. தாளைப் பார்க்காதவன் அவன் ஒருவன் மட்டுமே என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. வாய்ப்பாட்டுக்காரர்கள் எல்லாரும் தாளைக் கைமாற்றிப் படித்திருந்தார்கள். நான் முந்தின நாளே படித்து ‘நன்று’ போட்டிருந்தேன். எங்கள் கண்ணுக்குத் தெரிந்திருந்த சொல்லைத்தான் எங்கள் காது கேட்டது.

அன்று வீட்டுக்கு வந்தும் அந்த ஒரு சொல்லையே உருட்டிக்கொண்டிருந்தேன். மற, ஆ, தே. தமிழில் மறுப்பு பின்னால்தான் வரும். வினை முதலில் வந்து நிற்கும். ‘இல்லை’, ‘மாட்டேன்’, ‘ஆதே’ எல்லாம் அதன் முதுகில் ஏறிக்கொண்டு கடைசியில் வரும். சம்ஸ்கிருதத்தில் ‘மா’ என்றோ ‘ந’ என்றோ முன்னாலேயே சொல்லிவிடலாம். எத்தனை கார்வை கொடுத்தாலும் கேட்கிறவனுக்கு இது மறுப்பு என்று தெரிந்துவிடும். தமிழில் கடைசி அசை காதில் விழும்வரை ஆமாவா இல்லையா என்று தெரியாது. இத்தனை வருடம் இந்த மொழியில் எழுதிப் படித்துக்கொண்டிருக்கிறேன். இது ஒரு பாட்டெழுத்துச் சிக்கல் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எந்த யாப்பு நூலும் அதைச் சொல்லித்தர வேண்டிய அவசியமில்லைதான். யாப்புக்குக் கார்வை கிடையாது.

காது எங்கே போயிற்று

இந்தப் பிள்ளைகளின் காது சாதாரணக் காது இல்லை. காந்தார ஸ்வரம் நூலிழை இறங்கினால் முகம் சுளிப்பார்கள். ஆனால் ‘மலை’ என்ற சொல்லின் முதல் எழுத்தை நீட்டி ‘மாலை’ என்று பாடினால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ‘குடை’ கூடையாகும், ‘விடு’ வீடாகும், ‘படம்’ பாடமாகும், வகுப்பு தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். முதலில் இதைக் கவனக்குறைவு என்று நினைத்துக் கோபப்பட்டேன். பிறகு யோசித்தால் அவர்கள் மேல் தப்பில்லை. சின்ன வயதிலிருந்து அவர்கள் பாடிப் பழகியதில் பெரும்பகுதி தெலுங்கு, சம்ஸ்கிருதக் கீர்த்தனைகள். தியாகராஜருக்குத் தெலுங்கு வீட்டு மொழி. எந்த அசை எவ்வளவு நீளலாம் என்று அவர் காதுக்குத் தெரியும். அந்த மொழி தெரியாத பிள்ளைக்கு அந்தச் சொல், ஸ்வரத்தை ஏற்றி அனுப்ப ஒரு வண்டி. நல்ல ஆசிரியர்கள் பொருள் சொல்லி, சொல் பிளக்காமல் பாட வைக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனாலும் பத்து வருடம் சொல்லைக் கேட்காமலே பாடலாம் என்று பழகிவிட்ட காது, தமிழுக்கு வந்ததும் தானாகத் திறந்துகொள்ளாது. நான் சொல் மட்டும்தான் பாக்கி என்று நினைத்தேனே, உண்மையில் பாக்கி இருந்தது சொல்லைக் கேட்பது.

அதற்குப் பிறகு வகுப்பைத் தலைகீழாகத் திருப்பினேன். தாள் வாங்குவதை நிறுத்தினேன். எழுதினவர் பாடுவார், மற்றவர்கள் தங்கள் காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுத வேண்டும், எழுதினவரின் தாளோடு அதைக் கடைசியில்தான் ஒப்பிட்டுப் பார்ப்போம். முதல் சில வாரங்கள் கஷ்டமாகத்தான் இருந்தது. தான் எழுதிய வரி பன்னிரண்டு பேர் தாளில் பன்னிரண்டு விதமாகக் கிடப்பதைப் பார்க்கும்போது முகம் வாடிவிடும். ஆனால் நான் நூறு குறிப்பு எழுதியும் நகராத ஒன்று அந்தப் பன்னிரண்டு தாளில் நகர்ந்தது.

இன்னொரு பயிற்சி, எனக்கே பிடித்தமானது. ஒரு சொல்லை எடுத்து, ஒரே ஸ்வரத்தில் எட்டு அட்சரம் நிறுத்திப் பாட வேண்டும். ‘கண்’ என்று சொன்னால் ‘ண்’ மூக்கில் ரீங்கரித்துக்கொண்டு நிற்கும். ‘கல்’ என்றால் ‘ல்’ நாக்கு நுனியில் நிற்கும். ‘காற்று’ வரும்போதுதான் தடுமாற்றம். ஒரு மாணவி ‘று’வில் போய் நின்றாள். உதடு குவிந்து, தாடை எங்கே இருப்பதென்று தெரியாமல், ‘காற்றூ’ என்று தமிழில் இல்லாத ஒரு சொல் வந்தது. அது குற்றியலுகரம், அதற்கு அரை மாத்திரைதான் ஆயுசு, அதை எட்டு அட்சரம் இழுத்தால் எப்படித் தாங்கும்? அவளே இன்னொரு முறை முயன்றாள். ஏழரை அட்சரம் ‘கா’விலேயே நின்று, கடைசியில் ‘ற்று’வை இலை உதிர்வதுபோல விட்டாள். அறையில் சத்தமே இல்லை. காற்று என்ற சொல்லுக்குள் காற்று இருப்பது முதல் எழுத்தில்தான் என்று அன்றைக்குத்தான் நானும் கேட்டேன்.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு என்று மாணவர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத் தொல்காப்பியத்தை எடுத்துக்கொண்டு போவேன். கண்ணிமைப்பதும் கைநொடிப்பதும் ஒரு மாத்திரை என்று அளவு சொன்ன அதன் நூன்மரபு இயலே, தன் கடைசி நூற்பாவில் இசையோடு சேரும்போது எழுத்துகள் தம் அளவு கடந்து ஒலிக்கும், ஒற்றுகளும் நீளும் என்று விட்டுக்கொடுக்கிறது. எந்த ஒற்று நீளும் என்பதை நன்னூல் பெயர் சொல்லியே பட்டியலிடுகிறது: மெல்லினம் ஆறும், இடையினத்தில் வ், ய், ல், ள் நான்கும், கூடவே ஆய்தமும். வல்லினம் ஒன்றுகூட அதில் இல்லை. ‘கண்’ணும் ‘கல்’லும் நின்று ‘கட்டு’ நிற்காததை அவர்களே பாடிப் பார்த்த பிறகு இந்த நூற்பாவைப் படிக்கும்போது, பரீட்சைக்கு மனப்பாடம் செய்த இலக்கணம் தொண்டையில் வந்து உட்காருகிறது. முதலில் நூற்பாவைச் சொல்லி, பிறகு உதாரணம் காட்டிய வருடங்களில் ஒருவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

மேல் ஸ்தாயியும் அப்படித்தான். உச்சத்தில் ‘நீ’ என்று எழுதிவைத்துவிட்டு, பாடும்போது வாய் திறக்காமல் முடியாது என்பதால் ‘நே’ என்று பாடுவார்கள். ஏறுகிற இடத்தில் ஆகாரம் கொடு, ஈகாரம் ஊகாரத்தைக் கீழே வைத்துக்கொள் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அதையும் சொல்லாமல் அவர்களே முட்டி மோதித் தெரிந்துகொள்ளும்வரை காத்திருக்கிறேன்.

வினை விகுதி தருகிற இயைபு

இது சின்ன விஷயம்தான், ஆனால் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. பாட்டு என்றால் வரிக்கடைசி ஒத்துப்போக வேண்டும் என்று ஏறக்குறைய எல்லாரும் நம்பிக்கொண்டு வருகிறார்கள். தமிழில் வினை கடைசியில் வரும். வினைக்கு விகுதி உண்டு. ஆகவே வந்தேன், நின்றேன், பார்த்தேன், தொலைந்தேன் என்று எழுதிக்கொண்டே போனால் இயைபு தானாக விழுந்துகொண்டிருக்கும். எழுதினவருக்கு அதில் ஒரு செலவும் இல்லை. கேட்கிறவருக்கும் அதில் ஒரு வரவும் இல்லை. எதுகை அப்படியில்லை. இரண்டாம் எழுத்தைப் பிடித்து அடுத்த அடியைத் தொடங்க வேண்டுமென்றால் சொல்லைத் தேடித்தான் ஆக வேண்டும். தேடப் போன இடத்தில் நினைக்காத பொருள் ஒன்று கிடைக்கும். ‘மற’வுக்கு எதுகை தேடித்தான் அந்தப் பெண்ணுக்கு ‘திறவாத கதவு’ கிடைத்தது. மழையை மட்டும்தான் எழுதப் போனாளாம். கதவு எதுகையில் வந்தது என்றாள். ஆகவே முதல் ஆறு வாரம் வினைமுற்றில் வரி முடிக்கக் கூடாது என்று ஒரு தடை போட்டிருக்கிறேன். புலம்புவார்கள். ஆறு வாரம் கழித்துத் தடையை எடுத்துவிட்டாலும் பலர் பழைய பழக்கத்துக்குத் திரும்புவதில்லை.

யார் விட்டுக்கொடுப்பது

மறவாதேக்கு வருகிறேன். அந்தக் கேள்விக்குப் பிறகு அவள் முன்னால் இரண்டு வழி இருந்தது. மெட்டை மாற்றலாம், சொல்லை மாற்றலாம். மெட்டு அவளுடையது, அதிலும் அந்தக் கார்வைதான் அவளுக்கு முதலில் தோன்றிய இடம். மெட்டு போட்ட மாணவர்கள் எல்லாரும் சொல்தான் வளைய வேண்டும் என்பார்கள். கவிதை எழுதிப் பழகியவர்கள் மெட்டுதான் வளைய வேண்டும் என்பார்கள். இதில் நான் தீர்ப்புச் சொல்வதில்லை. மெட்டுக்கு எழுதுவது தாழ்வு என்று நினைக்கிறவர்களுக்கு மட்டும், பாரதி தன் தேசியப் பாட்டுகள் சிலவற்றை கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்து வர்ணமெட்டில் எழுதியதைக் காட்டுவேன். அந்த மெட்டு ஜனங்களின் வாயில் ஏற்கெனவே இருந்தது. புதுச் சொல் அதில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தது.

அவள் ‘மறந்திடாதே’ என்று மாற்றிப் பார்த்தாள். ‘மறந்…’ என்று நின்றது. ‘ந்’ நீண்டு கொஞ்சம் காப்பாற்றியது, ஆனால் தொங்கியது. பாட்டு தொடங்கும் இடத்தைத் தள்ளி, தாளம் தொடங்கும் சமத்துக்குப் பதிலாக அரையிடத்தில் எடுத்துப் பார்த்தாள். கார்வை தாளத்தில் இடம் மாறியது, பிளவு மாறவில்லை. ‘மழை…’ என்று தொடங்கினால் சொல் முழுதாக நிற்கும் என்று நான் சொன்னேன். பாடிக் காட்டினாள். குற்றம் சொல்ல ஒன்றுமில்லாத வரி. இருவருக்கும் பிடிக்கவில்லை. இரண்டு வாரம் இப்படியே ஓடியது. நான் அந்த மெட்டை விட்டுவிடச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். சொல்லாமல் இருந்ததற்கு இப்போது சந்தோஷப்படுகிறேன்.

மூன்றாவது வாரம் வந்து, “சார், ‘மற’ன்னுதான் கேட்குதுன்னா ‘மற’ன்னே இருக்கட்டும்” என்றாள். பாடினாள். முதல் முறை ‘மற…’ என்று எடுத்து, கார்வையில் நின்று, கீழே இறங்குகிற ஸ்வரங்களையும் அந்த ‘ற’வின் அகரத்திலேயே பாடி, ‘மழையே’ என்று முடித்தாள். மறந்துவிடு மழையே. இரண்டாவது முறை அதே இடத்தில் எடுத்தாள். கார்வை வரும் என்று நாங்கள் எல்லாரும் காத்திருந்த இடத்தில் மூச்சே விடாமல் ‘வா’ வந்து உட்கார்ந்தது. மறவாதே மழையே. அதற்குப் பிறகு திறவாத கதவு வந்தபோது, அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவளின் மனசு முழுக்கத் தெரிந்துவிட்டது. போ என்று சொல்லிவிட்டுப் போகாதே என்கிறவள். தாளில் இருந்தபோது அது மழையைக் கூப்பிடும் பாட்டு மட்டும்தான். அந்தப் பெண் ஒரே வரியை இரண்டு விதமாகப் பாடிய அந்த இரண்டு சங்கதியில் ஒரு ஆளை உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். எந்த மறுப்பு பின்னால் வருவதால் பாட்டு கெட்டதோ, அந்த மறுப்பு பின்னால் வருவதால்தான் இது முடிந்தது. மிருதங்கக்காரன் அந்தக் கார்வையில் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசிக்காமல் இருந்தான். இரண்டாம் முறை ‘வா’வில் மட்டும் ஒரு தட்டு.

இதை நான் சொல்லிக்கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. அவன் கேட்டான், அவள் மூன்று வாரம் அந்தக் கேள்வியோடு இருந்தாள். அவளுக்கு அந்த மூன்று வாரத்தை விட்டுக்கொடுத்தது மட்டும்தான் நான் செய்தது. முன்பென்றால் அந்த இடத்தை நானே ஒரு சொல்லால் அடைத்து, தாளில் சிவப்பு மையில் எழுதித் தந்திருப்பேன். அப்படி எத்தனை பிள்ளைகளின் வரிகளை அடைத்துத் தந்தேனோ என்று நினைத்தால் மனசு கனத்துப் போகிறது.

அந்த மிருதங்க மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் எழுதாததற்குச் சொன்ன காரணம், “எனக்கு வார்த்தை வராது சார்.” திருப்புகழ்ப் பதிப்பு ஒன்றைக் கொடுத்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே அதன் சந்தம் தத்தகாரமாக அச்சிட்டிருக்கும். கீழே பாட்டைப் பார்க்காமல் மேலே உள்ளதை மட்டும் தட்டிக்கொண்டு வா என்றேன். ‘தத்த’ என்றால் வல்லின ஒற்று, ‘தந்த’ என்றால் மெல்லினம், ‘தய்ய’ என்றால் இடையினம் என்பதை மட்டும் சொன்னேன். அவனுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மிருதங்கத்தில் ‘தா’வுக்கும் ‘நம்’முக்கும் உள்ள வித்தியாசம் அவன் விரலில் இருக்கிறது, அருணகிரிநாதர் அதே வித்தியாசத்தை 15ஆம் நூற்றாண்டில் எழுத்தில் வைத்திருக்கிறார் என்று அவனே கண்டுபிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

போன பருவத்தின் கடைசி வகுப்பில் அவன் முதல் முறையாக ஒரு தாள் கொண்டுவந்தான். மிச்ர சாபு தாளம். நாலு அடிக்கு தனதந்த, தய்யனா என்று சந்தம் மட்டும் எழுதியிருந்தது; அங்கங்கே நாலைந்து சொல் விழுந்திருந்தது. மூன்றாவது அடியின் நடுவில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் ஒரே ஒரு எழுத்து. பாடிக் காட்டினான். குரல் கரகரத்தது, தாளம் கல்லுபோல நின்றது. கட்டம் வந்த இடத்தில் நிறுத்திவிட்டு, “இந்த இடத்துல ஒரு ‘ழ’ வேணும் சார். நாக்கு மடங்கித் திரும்பணும், அப்பதான் அடுத்த ‘தந்த’ விழும். என்ன சொல்லுன்னு இன்னும் தெரியல” என்றான்.

எனக்கு உடனே மூன்று சொல் தோன்றியது. சொல்லவில்லை. தாளை அவன் கையிலேயே கொடுத்து, கட்டத்தை அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.